ஒரு விரல் தண்ணீர்

'சுமாரா' என்ற வார்த்தையை அந்த அக்காவின் முன்னால் சொல்லிவிட்டுத் தப்பித்தவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸில் கிடையாது. பால்காரர் மாட்டினார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மாட்டினார். ஒரு வளைகாப்பில் "சுமாரா நூறு பேர் சாப்பிடுவாங்க" என்று வாய் தவறிச் சொன்ன மனிதரை, பந்தி முடியும்வரை பக்கத்தில் உட்கார வைத்து இலை எண்ணச் செய்தார். நான் மாட்டியதுதான் எல்லாரையும்விட மோசம். மற்றவர்கள் வாயால் சொன்னார்கள். நான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸ் அது. அறுபது வீடுகள். என் கணவர் அங்கே ஃபிட்டர். நாங்கள் விருதுநகர், மாடி வீடு கும்பகோணம், எதிர்வீடு நாகர்கோவில். அக்கா ஒருவர்தான் உள்ளூர்; பிறந்தது பட்டாபிராம். அவருடைய கணவர் தொழிற்சாலையின் தண்ணீர்ப் பிரிவில் பம்ப் ஆபரேட்டர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அதே பிரிவில் அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, ஆண்கள் ஓட்டும் சைக்கிள், அதில் கட்டிய நீளமான இரும்பு வால்வுச் சாவி. காலையும் மாலையும் அந்தச் சாவியைத் தெருக்குழிக்குள் விட்டு அவர் திருகினால்தான் எங்கள் குழாய்களில் முதலில் காற்று சீறும், பிறகு தண்ணீர் வரும். சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று செருகியிருக்கும்.

நாங்கள் குடிவந்த புதிதில் என் மகளுக்குக் காய்ச்சல். அவளுக்கு அப்போது மூன்று வயது. தண்ணீர் திறந்துவிட வந்தவரிடம், "பிள்ளைக்கு உடம்பு சுடுதுக்கா" என்றேன்.

"சுடுதுன்னா? தோசக்கல்லுகூடத்தான் சுடுது. அளந்தியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்கே வாய் கொஞ்சம் அதிகம். நான் பதில் சொல்வதற்குள் அவர் தன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தெர்மாமீட்டரோடு வந்துவிட்டார். அளந்து பார்த்தார். வால்வுச் சாவியை என் வாசலிலேயே போட்டுவிட்டு, தெருமுனையில் ஆட்டோவை மறித்து, எங்களை ஏற்றி அவரும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். அன்றைக்கு எங்கள் வரிசை முழுவதற்கும் தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதம். அதற்காக அக்கா மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும்.

அதற்காக அவரை எல்லாரும் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் கேட்காமல் உள்ளே வருவார். அடியில் டம்ளரை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். "ஒரு நாளைக்கு மூணு பக்கெட்டு சாக்கடைக்குப் போவுது. ஒனக்கு இன்னா, வாய்க்காலா வெட்டி உட்டுக்கீறாங்க?" என்று கேட்டுவிட்டு, இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் வாஷரை எடுத்து மாட்டிவிட்டுத்தான் போவார். அவர் வருகிறார் என்றால் சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். முதுகுக்குப் பின்னால் 'அளவுக்காரி' என்று பெயர். சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

கிளப் கட்டடத்துக்குப் பின்னால் நீச்சல் குளம் இருந்தது. பெரிய குளம் இல்லை. பதினைந்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், நீல ஓடு பதித்தது. ஒரு காலத்தில் அங்கே கோடை முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல் கேட்குமாம். புதன்கிழமை மதியம் பெண்களுக்கு என்று ஒரு மணி நேரம். சுற்றிலும் பழைய பெட்ஷீட்டுகளைச் சேர்த்துத் தைத்த திரை கட்டுவார்களாம். பிறகு மோட்டார் எரிந்தது. பழுது பார்க்கப் போன மோட்டார் திரும்பி வரவில்லை. குளத்தைப் பார்த்துக்கொள்ள இருந்த நீச்சல் பயிற்சியாளர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. யாரும் 'மூடு' என்று உத்தரவு போடாமலே குளம் மூடிக்கொண்டது. நாங்கள் வந்தபோது அதில் வேப்பஞ்சருகும், கால் உடைந்த நாற்காலியும், பிள்ளைகள் தேடிக் கிடைக்காத கிரிக்கெட் பந்துகளும் கிடந்தன. மழைக்காலத்தில் தவளைகள் குடும்பத்தோடு வந்து தங்கும்.

இப்போது நான் பட்டாபிராமில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். இங்கேயும் ஒரு நீச்சல் குளம் உண்டு. விளம்பரத்தில் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நாலு தடவை கையை வீசினால் எதிர்ச்சுவர் மண்டையில் இடிக்கும். அதற்கும் 'பராமரிப்புப் பணி' என்ற பலகை தொங்குகிறது. ஒரு குளத்தைக் கட்டுவது பெரிய காரியமே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அந்த வறண்ட குளத்துக்குள் இறங்குவார். ஓடுகளின் இடுக்கில் அரசங்கன்று முளைக்கும். அதை வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு கரண்டி சிமென்ட் வைத்துப் பூசுவார். யாரும் சொன்ன வேலை இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒரு நாள் நான் போய்க் கரையில் உட்கார்ந்தேன்.

"எதுக்குக்கா இந்த வெட்டி வேலை?"

"வேரு உள்ள பூந்துச்சுன்னா தொட்டி பொளந்துடும். அப்பறம் எவன் வந்தாலும் ஒண்ணியும் பண்ண முடியாது" என்றார். பிறகு கையில் இருந்த கரண்டியாலேயே காட்டினார். இந்தப் பாதியில் தரையை உயர்த்திச் சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பளவு விட வேண்டும். கிளப் மொட்டைமாடி மழைத் தண்ணீர் எல்லாம் சாக்கடைக்குப் போகிறது. ஒரே ஒரு குழாய் போட்டு, மணல் தொட்டியில் வடித்தால் இங்கே வந்துவிடும். குளத்திலிருந்து கழித்துவிடும் தண்ணீர் மைதானத்து மரங்களுக்கு. தெருப் பக்கம் ஒரு வாசல் திறந்தால் வெளியே இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரலாம். எத்தனை அடி குழாய், எத்தனை வளைவு, எல்லாம் அவரிடம் கணக்கு இருந்தது. நான் கிண்டலாக, "உங்களுக்கு நீச்சல் தெரியுமாக்கா?" என்றேன்.

"கணுக்காலு நனைஞ்சாலே எனக்கு மூச்சு முட்டும். எனக்கா கேக்கறேன்?"

அன்றைக்குத்தான் அந்த அப்ரண்டிஸ் பையனைப் பற்றிச் சொன்னார். தொழிற்சாலையில் பயிற்சிக்கு வந்த பையன், பத்தொன்பது வயது, தஞ்சாவூர்ப் பக்கம். ஆற்றில் நீந்திப் பழகியவன். குளம் மூடிய புதிதில், அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பானாம், "எப்பக்கா தொறப்பாங்க?" என்று. மோட்டார் வரப்போவதில்லை என்று அக்காவுக்குத் தெரியும். பையன் முகம் வாட வேண்டாமே என்று, "சுமாரா ரெண்டு மாசத்துல தொறந்துருவாங்கப்பா" என்றிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டான். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. நண்பர்களோடு கல்குவாரிப் பள்ளத்துக்குக் குளிக்கப் போனான். நீந்தத் தெரிந்தவன்தான். அடியில் கிடந்த பாறை அவனுக்குத் தெரியவில்லை.

"தொறக்க மாட்டாங்கடான்னு சொல்லிருந்தா, ஆவடியில எங்கனா நல்ல குளமா பாத்துப் போயிருப்பான். வாயில வந்தத சொன்னேன். அந்தாண்ட அவன் பூட்டான்." சிமென்ட் கரண்டியைத் தட்டிக் கழுவினார். "நம்ம இந்தக் குளத்த மூடிட்டோம். அந்தப் பள்ளத்த எவன் மூடுவான்? கோடையில புள்ளைங்க தண்ணியத் தேடித்தான் போவும். அதுங்களுக்குத் தரையும் ஆழமும் தெரிஞ்ச தண்ணி ஒண்ணு வோணும்."

அதற்குப் பிறகு நான் அவரை அளவுக்காரி என்று சொன்னதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன்.

மகள் நான்காம் வகுப்புக்குப் போன வருஷம், குவார்ட்டர்ஸ் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் ஒரு சார்ஜ்மேன், பிரிவை மேய்க்கிறவர், புதிதாகக் கார் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டிலும் அப்போதுதான் கார் வந்திருந்தது. மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சம், தெருவில் நிறுத்தினால் சண்டை. இடித்துக்கொண்டிருந்த பழைய பிளாக்குகளின் கல்லையும் மண்ணையும் கொட்டக் குவார்ட்டர்ஸ் நிர்வாகமும் இடம் தேடிக்கொண்டிருந்தது. குளத்தை நிரப்பிவிட்டால் கார் நிறுத்தம் தயார். சங்கத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் போதும் என்றார்கள். எல்லாருக்கும் தெரிந்த காரணம் கையில் இருந்தது: குளம் ஒழுகுகிறது. அந்த வருஷம் மழை இரண்டே நாள் கொட்டிவிட்டுக் காணாமல் போயிருந்தது. அந்த இரண்டு நாளில் குளத்தில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. மாசி பிறந்தபோது இடுப்புக்கும் கீழே போய்விட்டது. "தினமும் சுமார் இரண்டு அங்குலம் தண்ணீர் கசிந்து வீணாகிறது" என்று நான் அழகான கையெழுத்தில் எழுதினேன். அந்தச் 'சுமார்' எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினேன்.

மறுநாளே அக்கா வந்துவிட்டார்.

"இன்னாம்மா செக்ரட்ரி, ஒயுவுதுன்னு எய்திக்கீறியாமே. யாரு அளந்தா?"

"எல்லாரும் சொல்றாங்கக்கா."

"எல்லாரு கையிலயும் ஸ்கேலு கீதா? எங்க ஒயுவுது? எவ்ளோ ஒயுவுது? எப்போ ஒயுவுது?" என்று கேட்டவர் நேரே என் மகளிடம் போய், "பாப்பா, நகத்துக்குப் பூசுற செவப்பு கீதே, அத்த குடு" என்று நெயில் பாலிஷை வாங்கிக்கொண்டார்.

அவர் செய்தது இதுதான். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே மொண்டு, அதைக் குளத்தின் படியிலேயே, பாதி முங்கும்படி, கல் வைத்து நிறுத்தினார். பக்கெட்டுக்கு உள்ளே தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு. வெளியே குளத்துத் தண்ணீர் நின்ற மட்டத்தில் இன்னொரு கோடு. "உள்ள கீற தண்ணிய வெயிலு மட்டுந்தான் குடிக்கும். வெளிய கீறத வெயிலும் குடிக்கும், ஓட்டை இருந்தா ஓட்டையும் குடிக்கும். ரெண்டும் ஒண்ணா எறங்குனா தொட்டி சுத்தம்."

நாலு நாள் ஆயிற்று. உள்ளே ஒரு நாளைக்கு ஓர் அரிசி நீளம் இறங்கியது. வெளியே அதற்கு மேல் ஒரு விரல் கூடுதலாக இறங்கியது. "பாத்தீங்களா, ஒழுகுது" என்றேன். என் கடிதம் பொய்யில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி, வெட்கம் கெட்ட நிம்மதி. அக்கா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

ஆனால் மறுநாள் தண்ணீர் திறக்க வரும்போதும் போகும்போதும், இடையில் சாப்பாட்டு நேரத்திலும் போய் அளந்திருக்கிறார். சாயங்காலம் என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கத்தினார்.

"ராத்திரி பூரா ஒரு பொட்டு எறங்கல. காலையில பத்து மணி வரிக்கும் எறங்கல. பத்துலேர்ந்து மூணுக்குள்ளதான் அம்புட்டும் எறங்குது. இன்னாம்மா இது? ஓட்டைக்கு டூட்டி டைமா? சங்கு ஊதுனா ஒயுவுது, சங்கு ஊதுனா நின்னுபோவுது!"

எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வருஷம் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது நிமிஷம்தான் தண்ணீர். குடிக்க லாரித் தண்ணீர். கக்கூஸுக்கும் துணிக்கும் என்ன செய்வது? குளத்தின் பின்பக்க வேலியில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை இருந்தது. ஆண்கள் வேலைக்குப் போனதும் நான் அதற்குள் நுழைந்து இரண்டே இரண்டு பக்கெட் எடுப்பேன். நான் மட்டும்தான் எடுக்கிறேன் என்று நினைத்தேன். எதிரே யாராவது பக்கெட்டோடு வந்தால் "துணி காயப்போடப் போறேன்" என்பேன். அவளும் "நானுந்தான்" என்பாள். அவள் பக்கெட்டில் துணி இருக்கிறதா என்று நான் பார்க்க மாட்டேன். என் பக்கெட்டை அவள் பார்க்க மாட்டாள். இப்படி எடுத்துக்கொண்டேதான் அறுபது வீட்டிலும் 'குளம் ஒழுகுகிறது' என்று பேசிக்கொண்டிருந்தோம். மனதார நம்பியும் இருந்தோம்.

அக்கா விரல் மடக்கினார். "பாஞ்சு மீட்டரு நீளம், ஆறு மீட்டரு அகலம். அதுல ஒரு வெரலு தண்ணின்னா, நம்ம பக்கெட்டுல நூத்தி இருவது. அறுவது ஊடு. ஊட்டுக்கு ரெண்டு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எடுத்தியா?"

"இல்லக்கா."

யோசிக்கவே இல்லை, தானாக வந்தது பொய். என் தோளுக்குப் பின்னால் குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. இரண்டு பக்கெட், ஒன்றில் வேப்பிலை மிதந்தது. அக்காவின் பார்வை அங்கே போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடி, "கூட்டத்துல சொல்லிடாதீங்கக்கா, எல்லாரு மானமும் போயிரும்" என்றேன். அவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளப் ஹாலில் கூட்டம். வாசலிலேயே இரண்டு டிராக்டர் நிறையக் கல் வந்து நின்றது. நிர்வாகத்திலிருந்து இளவயது இன்ஜினீயர் ஒருவர் வந்திருந்தார். தலைவர் என் கடிதத்தை உரக்க வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்பதற்குள் அக்கா எழுந்தார்.

"தொட்டி ஒயுவல சார்."

"தண்ணி இறங்குதேம்மா?" என்றார் இன்ஜினீயர்.

"எறங்குது. ஆனா ஒயுவல."

"அப்ப எங்கதான் போகுது?"

பெண்களில் பாதிப் பேர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எங்களை வரிசையாக ஒரு தடவை பார்த்தார். கையை நீட்டியிருந்தால் போதும், எங்கள் கதை முடிந்திருக்கும்.

"நான் எடுத்தேன் சார்."

"எவ்வளவு?"

"தெனம் நூத்தி இருவது பக்கெட்டு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஜினீயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நூத்தி இருபதா? ஒரே ஆளா?"

"ஒண்டி ஆளுதான் சார். எய்திக்கோங்க."

தலைவர் சிரிக்கவில்லை. "தண்ணி செக்ஷன்ல இருந்துக்கிட்டுத் தண்ணியத் திருடுனேன்னு சொல்றீங்க. மெமோ வரும். கருணை வேலை வேற. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுக்கினுதான் பேசறேன்."

அந்தச் சம்பளத்தில்தான் அவருடைய மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். அந்தக் குளத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்தவர் இல்லை அவர். டம்ளர் வைத்து அளக்காமல் ஒரு சொட்டைப் பற்றிக்கூடப் பேசாத மனுஷி, அத்தனை பேர் நடுவே நின்று, அளவு பிசகாமல் ஒரு பொய் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார், உதறினேன்.

"அதுல ரெண்டு பக்கெட் என்னுது" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நூத்தி பதினெட்டு" என்றார்.

மாடி வீட்டு அம்மா எழுந்தார். "எங்காத்துல மூணு. மாமனாருக்கு முடியல, என்ன பண்றது?"

"நூத்தி பாஞ்சு."

"ரெண்டு."

"நூத்தி பதிமூணு."

நாகர்கோவில்காரி, எனக்கு முன் வரிசை, பின் வரிசை என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் அழுதுகொண்டு. கிளப் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறைத்தோம் என்று ஒருத்தி சொன்னபோது இன்ஜினீயர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அதற்கு மேல் யாரும் எழவில்லை. எழ வேண்டியவர்கள் யார் என்று அவரவர்க்குத் தெரியும். அப்போது மூலையில் இருந்து தலைவரின் மனைவி மெல்ல எழுந்து, கணவரைப் பார்க்காமல், "நாலு" என்றார்.

"முப்பத்தேழு" என்றார் அக்கா. "மீதிய நானே வச்சிக்கிறேன் சார்."

இன்ஜினீயர் பேனாவை மூடினார். மெமோவைப் பற்றி அவர் பேசவே இல்லை. "ஏழு நாள் டைம் தரேன். இந்தம்மா வச்ச பக்கெட்டுலயே உள்ளயும் வெளியவும் இன்னிக்குப் புதுசா நானே கோடு போடறேன். ஒரு சொம்பு வெளிய போகக் கூடாது. வேலிய அடைச்சுப் புதுப் பூட்டுப் போடறேன். சாவி செக்ரட்டரிகிட்ட. ஏழாம் நாள் அவங்கதான் அளந்து எழுதித் தரணும். இந்தம்மா உள்ளேயே போகக் கூடாது, அவங்கதான் முப்பத்தேழு பக்கெட் திருடியிருக்காங்களே. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தா கல்லு திரும்பிப் போயிடும். ஒரு விரல் வித்தியாசம் வந்தாலும் அன்னிக்கே கொட்டிடுவேன்."

அந்த ஏழு நாள் எப்படிப் போயிற்று என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. குடம் தண்ணீரில் நாலு பேர் குளித்தோம். பிள்ளைகள் கசங்கின யூனிஃபார்மோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஆண்கள் அதுவரை ஒரு குடம் தூக்கி அறியாதவர்கள். வேலை முடிந்து வரும்போது சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் கேன் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் புதுக் கார் தண்ணீர் வண்டியாயிற்று. மாடி வீட்டுப் பெரியவருக்கு ஆளுக்கு ஒரு செம்பு கொடுத்தோம். அடைத்த வேலியின் பக்கத்தில் முறை போட்டு உட்கார்ந்தோம், கூட்டத்தில் எழாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா மட்டும் கிளப் பக்கமே வரவில்லை. தண்ணீர் திறக்கும்போது என்னைப் பார்த்தால், "இன்னா செக்ரட்ரி" என்பார், அவ்வளவுதான்.

ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு நான் சாவியோடு போனபோது அவர் குளத்து வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்ஜினீயர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சுற்றிலும் யாருமே இல்லை.

"வாங்கக்கா. நீங்களே பாருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"வோணாம். நீ பாத்து சொல்லு."

மகளின் பள்ளிக்கூட ஸ்கேலோடு படியில் இறங்கினேன். புடவை நனைந்தது. பக்கெட்டுக்குள் கையை விட்டு, சிவப்புக் கோட்டிலிருந்து தண்ணீர் வரை அளந்தேன். முப்பத்தாறு மில்லிமீட்டர். வெளிப்பக்கம் அளந்தேன். முப்பத்தாறு.

இதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராக்டர்கள் அன்றைக்கே திரும்பிப் போயின. குளத்துக்கு மோட்டாரும் ஆளும் வர மூன்று வருஷம் அலைந்தோம். மொட்டைமாடிக் குழாய் அக்கா சொன்ன அளவிலேயே போட்டார்கள். என் மகள் நீந்தக் கற்றது அங்கேதான். அதற்குள் அக்கா ஓய்வு பெற்று, மகனோடு ஓசூர் போய்விட்டார். எனக்கு அதையெல்லாம்விட அந்தக் காலைதான் பெரிது.

வாசலுக்கு வந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"உள்ள முப்பத்தாறு. வெளியவும் முப்பத்தாறு" என்றேன்.

வழக்கமாக என்றால் அடுத்த கேள்வி வந்திருக்கும். எங்க வச்சு அளந்த, கண்ணு மட்டத்துல பாத்தியா, இன்னொருக்கா பாரு என்று. கதவு திறந்துதான் கிடந்தது. என்னை ஒதுக்கிவிட்டு அவரே இறங்கிப் பார்த்திருக்கலாம். அவர் முகத்துக்கு நேரே பொய் சொன்னவள் நான். அது அவருக்கும் தெரியும்.

"செரி" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது லைனுக்குத் தண்ணி உடணும், டைம் ஆச்சு" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் மறுபடியும் படியில் இறங்கி, இரண்டு கோட்டையும் முதலிலிருந்து அளந்தேன்.